ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிக்கு முதல் வேலையாக வருகிற கணக்கு ஆசிரியருக்கு

கேள்வி கேட்டவர் நாமக்கல் பக்கம். கணக்குப் பட்டதாரி ஆசிரியராக முதல் நியமனம், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கிடைத்திருக்கிறது. "தண்ணியில்லாக் காட்டுக்கா போறீங்க?" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம். அங்கே பாடம் நடத்துவதில் உண்மையில் என்ன சிரமம், பிள்ளைகளுக்கு ஏன் படிப்பு ஏறுவதில்லை, என்ன தயார் செய்துகொண்டு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் இதே கரையில் 24 வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். முதல் பள்ளி பாம்பனுக்கு இந்தப் பக்கம், அடுத்தது தேவிபட்டினத்துக்கு வடக்கே, இப்போது இருப்பது சாயல்குடிக்குத் தெற்கே. மூன்று இடத்திலும் கடல் ஒன்று, தொழில் வேறு வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்களைக் குழப்பப் போகிற ஒரு விஷயம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் ராமநாதபுரம் மாவட்டம் பல வருஷங்களில் மாநிலத்தின் முன்வரிசையில் வந்திருக்கிறது. அதே மாவட்டத்தைத்தான் 2018ல் மத்திய அரசு, முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். இரண்டும் எப்படி ஒரே மாவட்டத்துக்குப் பொருந்தும் என்று கேட்டால், பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

நூறு மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக மொத்தம் 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. தேர்வு நெருங்கும்போது ஒவ்வொரு பள்ளியிலும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களைத் தனியே உட்கார வைத்து, புத்தகப் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்து, தொடுகோடு வரைவதையும் வரைபடத் தாளில் புள்ளி வைப்பதையும் கை பழகும்வரை திரும்பத் திரும்பப் போட வைக்கிறோம். கூட ரெண்டு மூணு இரண்டு மதிப்பெண் கணக்கு. பையன் தேறிவிடுகிறான். 847ஐ 7ஆல் வகுக்கத் தெரியாமலே தேறிவிடுகிறான். நானும் இதைச் செய்திருக்கிறேன், வருஷா வருஷம் செய்கிறேன். பத்தாவது பாஸ் என்கிற தாள் இல்லாவிட்டால் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யின் பல பிரிவுகளிலும் அவனால் சேர முடியாது என்பதால் செய்கிறேன். ஆனால் அதே பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்து, மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் மீன் பிடிக்கிற வல்லத்தில் ஏறிவிட்டான் என்று கேள்விப்படும்போது, அந்த 35ஐ வாங்கிக் கொடுத்த கை என்னுடையது என்று தோன்றாமல் இருக்காது.

என்னைக் கேட்டால், இந்தக் கரையில் உண்மையான சிரமம் இதுதான். பத்தாம் வகுப்பில் தெரிகிற ஓட்டை நாலாம், ஐந்தாம் வகுப்பில் விழுந்தது. எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் அது வெளியே தெரியாமல் மேலே ஏறி வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நம் கையில் வந்து விழும்போது, அடைக்க நேரம் இல்லை என்று நாம் மேலே பூசிவிடுகிறோம்.

கொரோனா அந்த ஓட்டையை எவ்வளவு பெரிதாக்கியது என்பதை ஒரு சின்னக் கணக்காகப் பாருங்கள். 2020-21ல் நாலாம் வகுப்பு இருந்த பிள்ளை 2025-26ல் ஒன்பதாம் வகுப்பு. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. வகுத்தலும் பின்னமும் ஊன்றிப் பழக வேண்டிய இரண்டு வருஷத்தில் முக்கால்வாசி போயிற்று. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள் சாயங்காலம் வந்து நடத்தினார்கள். அதெல்லாம் உதவியதுதான். ஆனாலும் இப்போது ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேரை உட்கார வைத்து, ஒரு வாக்கியக் கணக்கைத் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தடுமாறுகிறார்கள். என் வகுப்பில் நானே எண்ணியது இது. கூட்டுவட்டிக் கணக்கில் பிள்ளை கோட்டை விடுவதைப் பார்த்து வட்டி புரியவில்லை என்று நினைப்போம். பாதிப் பேருக்கு அந்த வாக்கியமே புரிந்திருக்காது.

அடுத்தது வருகைப் பதிவு. புதிதாக வருகிற ஆசிரியர்கள் இங்கேதான் மனம் உடைந்து போகிறார்கள். திங்கள்கிழமை நடத்தியதை செவ்வாய்க்கிழமை கேட்டால் அரை வகுப்பு இருக்காது. பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். மீன் தரம் பிரிக்க, ஐஸ் போட, கருவாட்டுக்குக் கீற அம்மா கரைக்குப் போனால், வீட்டில் தம்பி தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை. அவள் முதல் பாடவேளைக்கு வருவது பெரிய விஷயம். நாட்டுப்படகு ஊர்களில் நாட்கள் மாறும். சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் பாசி சீசன் வந்தால் அம்மா மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எடுக்க விடியுமுன்னே கடலில் இறங்கிவிடுவார். சாயல்குடிப் பக்கம் மாசி, பங்குனியில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குக் குடி போவார்கள். பொதுத்தேர்வும் பதநீர் சீசனும் ஒரே நேரம். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போனால் உண்டு, கூடவே கூட்டிப் போய்விட்டால் தேர்வுக்கு நாம்தான் பைக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் தேடிப் போக வேண்டும்.

நான் செய்வது இது. வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டில் என்ன தொழில், எந்த நாளில் யாருக்கு இடிக்கும் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படகு கரைக்கு வருகிற காலையில் புதுப் பாடம் தொடங்க மாட்டேன். அன்றைக்குப் பழைய கணக்கு, இல்லையென்றால் வாய்ப்பாடு. புதுசாக நடத்த வேண்டியதை எல்லோரும் இருக்கிற நாளுக்கு வைத்துக்கொள்வேன். பாடக்குறிப்பேட்டில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டால், தலைமையாசிரியரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இந்த ஊரில் நாள் பட இருந்தவர் என்றால் அவருக்கே புரியும்.

ஜூன் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14வரை 61 நாள். அந்த நாளில் படகு கரையேறி நிற்கும். லீவில் இருக்கும் பையன்கள் பெயிண்ட் அடிக்க, வலை கட்ட என்று பழகிவிடுவார்கள். பள்ளி திறக்கிற சமயத்தில் தடையும் முடியும். ஆள் தேவைப்படும். எட்டாவது முடித்து ஒன்பதாவது போக வேண்டிய பையன் அந்த வாரத்தில் ஒரு தடவை கடலுக்குப் போய்க் கையில் நானூறு ரூபாய் பார்த்துவிட்டால், அப்புறம் அவனைத் திருப்பிக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதனால் ஜூன் முதல் வாரத்திலேயே எட்டாம் வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுங்கள். ஜூலையில் போனால் பேச ஆளே இருக்காது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இன்னொரு பள்ளம் உண்டு. கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் நடுநிலைப் பள்ளியோடு சரி. ஒன்பதாவதுக்கு அடுத்த ஊர் போக வேண்டும். இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பஸ் காலையில் ஒன்று. அதை விட்டால் அன்றைய படிப்பு போச்சு. விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். அதை ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்தால் இந்தக் கரையில் எத்தனை பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர்வார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன். கலாம் அவர்கள் ராமேஸ்வரத்தில் தொடக்கப் பள்ளி முடித்து, உயர்நிலைப் படிப்புக்காகத் தீவை விட்டு ராமநாதபுரம் வந்து ஸ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தார். இன்றைக்குத் தீவுக்குள்ளேயே மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் நின்றுபோகிற இடம் மட்டும் அன்றைக்கு இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது.

சரி, வகுப்புக்குள் வருவோம். ஒரே ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், அதுவே போதும்.

ஒன்பதாம் வகுப்பு. பலகையில் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கூட்டச் சொல்லியிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒன்பதில் இரண்டு என்று எழுதிக் காட்டினான். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டான், வழக்கமான தப்பு. முந்தின நாள் அவன் வரவில்லை. ஏன் என்று கேட்டேன், சித்தப்பா வல்லத்தில் போனானாம். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"8,700க்கு ஏலம் போச்சு சார். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 2,400. மிச்சம் 6,300. அதுல பாதி வல்லத்துக்கும் வலைக்கும். பாக்கி 3,150ஐ நாங்க நாலு பேரு பிரிச்சுக்கணும். எனக்கு அரைப்பங்கு."

"மூணு முழுப்பங்கு, ஒரு அரைப்பங்கு. எப்படிப் பிரிச்சீங்க?"

"மூணரைன்னு பார்த்தா சிக்கல் சார். ஏழு அரைப்பங்குன்னு வெச்சுக்கிட்டா ஈசி. அரைப்பங்குக்கு 450, முழுப்பங்குக்கு 900."

தாளும் இல்லை, பேனாவும் இல்லை. வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. நான் பலகையில் 6,300ஐ எழுதி, இதில் உன் பங்கு எத்தனையில் ஒன்று என்று கேட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து போட்டார்கள், பதினாலில் ஒன்று என்று வந்தது. அப்புறம் பழைய கணக்குக்குத் திரும்பி, "மூணரையை ஏழு அரைன்னு மாத்தினேல்ல, அதே மாதிரி மூணுல ஒண்ணை ஆறுல ரெண்டுன்னு வெச்சுப் பாரு" என்றேன். ஆறில் மூன்று, அதாவது பாதி என்று அவனே சொன்னான். பகுதியைச் சமப்படுத்துவது என்று நான் மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியதை அவன் ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் செய்துகொண்டிருந்திருக்கிறான். இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பின்னம், விகிதம், சதவீதம் எல்லாவற்றையும் பங்குக் கணக்கில்தான் தொடங்குகிறேன். கடலின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அளவைகளை அங்கிருந்து தொடங்கலாம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை பருவக்காற்றை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பார். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் என்ன என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிற பிள்ளை, வாடை எப்போது திரும்பும், அப்போது வலையை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பங்கில் தொடங்கிப் பங்கிலேயே நின்றுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பில் இயற்கணிதமும் முக்கோணவியலும் வரும்போது கடலில் உதாரணம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே பலகையில் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். தனக்குக் கணக்கு வரும் என்று அந்தப் பையன் ஒரு தடவை நம்பிவிட்டால் அந்தப் பழக்கத்துக்கு உடன்படுவான். பங்குக் கணக்கு அந்த அளவுக்கு உதவும்.

ஆசிரியர் அறையில் நீங்கள் கேட்கப் போகிற ஒரு வாக்கியம் இருக்கிறது. "நீயெல்லாம் மீன் பிடிக்கத்தான் லாயக்கு." நல்ல ஆசிரியர்கள்கூடக் கோபத்தில் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு நாளும் சொல்லாதீர்கள். அவன் அப்பா செய்கிற வேலையை, உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலையை, தண்டனை மாதிரி அவன் முகத்தில் எறிகிறோம். என் முதல் பள்ளியில் ஒரு பையன் இரண்டு வாரம் வரவில்லை. வந்த அன்று முதல் வகுப்பிலேயே இப்படித் திட்டு வாங்கினான். அவன் அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், படகும் அங்கேயே நின்றது, அம்மா கலெக்டர் ஆபீசுக்கும் மீன்துறை ஆபீசுக்கும் மனு கொடுத்து அலைந்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. நான் மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொன்னான், டீ வாங்கி வந்தான், பள்ளிக்கு மட்டும் வரவில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, வந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் நாலு கணக்கு ஆசிரியரைப் பார்த்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர் போடலாம். 2022ல் அதைத் தொடங்கியபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் அந்தச் சம்பளத்துக்கும் வந்து அருமையாக நடத்தினார்கள். கூடவே எமிஸ் பதிவு (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற வேலை), கணக்கெடுப்பு, பயிற்சி, ரிவியூ மீட்டிங் என்று நேரம் போகும். உங்கள் பாடவேளையை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேர்ச்சி சதவீதத்துக்குப் பயந்து, ஒன்பதாம் வகுப்பில் தேறாத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிற வழக்கத்தை நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கண்டேன். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் முன்னால் அப்படி நடந்தால் சும்மா இருக்காதீர்கள். புது ஆள் என்று பார்க்காமல், மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.

பெற்றோரைப் பற்றி. "படிச்சு என்ன சார் கிழிக்கப் போறான்" என்று சொல்கிற அப்பாவுக்குப் படிப்பின் அருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். கடன் இருக்கிற வீட்டில் அது ஏறாது. தொகையாகச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீத இடம். நண்டுக் கம்பெனிக்கு மகளை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, புதுமைப் பெண் கணக்கைக் கேட்டுவிட்டு, "டெய்லி கூலிய விடக் கம்மிதான் சார், ஆனா அவ பேருக்கே வருமில்ல" என்றார். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை, யார் அந்த ஊரில் பெரியவரோ அவரிடம் முதலில் பேசிவிட்டால் சாயங்கால வகுப்புக்கு இடமும் லைட்டும் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு ஒரு பத்தி தமிழ் வாசிக்க, கடன் வாங்கிக் கழிக்க, ஓர் இலக்கத்தால் வகுக்க, அரையும் காலும் கூட்டச் சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பார்க்கக் கேட்காதீர்கள், பதினாலு வயசுப் பிள்ளைக்கு மானம் பெரிது. அந்தத் தாள்தான் உங்கள் வருஷத் திட்டம். தினமும் முதல் பதினைந்து நிமிஷம் அந்த ஓட்டைக்கு, மீதி முப்பது நிமிஷம் பாடத்துக்கு. பிப்ரவரி வந்ததும் அந்த ஒரு மதிப்பெண் கேள்வி 14க்கும், வடிவியல், வரைபடம் 16க்கும் நீங்களும் பழக்கத்தான் போகிறீர்கள், பழக்குங்கள். அதற்கு முன்னால் எட்டு மாதம் இருக்கிறது.

வீடு ராமநாதபுரம் டவுனில் பார்க்காதீர்கள், பள்ளிக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் ஊரில் இருந்தால்தான் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். தண்ணீருக்கு நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றும் ஆறு பிளாஸ்டிக் குடமும் வாங்கிக்கொள்ளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில சமயம் நாலு நாள் ஆகும். குழாயடியில் வரிசையில் நிற்கும்போது உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் முன்னாலும் பின்னாலும் நிற்பார்கள். போன வாரம் எனக்கு முன்னால் நின்றவள், மடித்து வைத்திருந்த காகிதத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டி, இந்தக் கழித்தல் சரியா என்று கேட்டாள்.